பனிநாட்டு நாய்களுள் எதனைத் தேர்வது?

அழகைக் கண்டு மயங்குவது மனித இயல்பு. துணியும் கடிகாரமும் வாங்கும்போது அம்மயக்கத்தால் பெருங்கேடு எதுவும் விளைவதில்லை. உயிருள்ள ஒன்றை வாங்கும்போதோ, நம் மயக்கத்தால் வரும் துன்பம் அவ்வுயிரையே சேர்கிறது.

ஈஜிபுராவில் அறையெடுத்துத் தங்கியுள்ள நண்பர்கள் சிலர், “சைபீரிய ஹஸ்கி நல்லதா, அலாஸ்கன் மாலமூட் நல்லதா?” என்று என்னைக் கேட்டனர். ஏனைய மாணவர்க்கும் பயன்படும் என்று கருதி, நான் அறிந்தவற்றை இங்கே கூறுகின்றேன்.

பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். பிறப்பும் தொழிலும் வேறு. ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள் வளர்த்த நாய். சிறு சுமையை நெடுந்தொலைவு விரைந்து இழுப்பது அதன் வேலை. 1925-ஆம் ஆண்டு அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. அப்போது 20 வண்டியோட்டிகள் ஒருவர் மாற்றி ஒருவராக, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிவெளியை ஆறு நாட்களுக்குள் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தனர். அவ்வண்டிகளை இழுத்த டோகோ, பால்டோ என்னும் ஹஸ்கிகளின் புகழ் இன்றும் நிலைத்துள்ளது. மாலமூட்டோ, மேற்கு அலாஸ்காவின் கடலோர மக்கள் பெருஞ்சுமை இழுக்க வளர்த்த நாய். விரைவு குறைவு, வலிமை மிகுதி. ஆண் ஹஸ்கியின் எடை 20 முதல் 27 கிலோ. ஆண் மாலமூட்டின் எடை 38 கிலோ அளவு.

“பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே?” எனலாம். கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்தில் இருப்பது உண்மையே. ஆயினும் 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியது. நமக்குப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்து, அவ்வீரம் ஆவியாவதாலேயே பெரிதும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழியும் அடைபடும். இவ்விரு நாய்களுக்கும், உள்ளே பஞ்சு போலவும் வெளியே முரடாகவும் இரட்டை மயிர்ப்போர்வை உண்டு. மேலும், உடல் பெரிதாகப் பெரிதாக எடையை நோக்கத் தோலின் பரப்புக் குறைகிறது. சூடு வெளியேறுவது அரிதாகிறது. ஆகவே ஹஸ்கியைக் காட்டிலும் மாலமூட் மிகுதியாக வாடும். மயிரை மழித்துவிட்டால் தீருமா? தீராது; வெயிலைத் தடுக்கும் காப்பும் அதனோடு போய்விடும். நாயின் உடற்சூடு 38, 39 டிகிரி இருப்பது இயல்பு. 41-ஐக் கடந்தால் உயிருக்கே இடர்.

இனி நம் அறைகளைப் பாருங்கள். ஈஜிபுராவின் தெருக்கள் குறுகியவை. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. மாணவர்க்குக் குறைந்த வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் மொட்டைமாடி அறை. பகலெல்லாம் காயும் தளம் அது. நாம் காலையில் சென்றால் மாலையில் திரும்புகிறோம். பல கல் ஓடப் பிறந்த ஹஸ்கி, பூட்டிய அறையில் என்ன செய்யும்? கதவைப் பிராண்டும்; ஊளையிடும். அயலார் முறையிடுவர், வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வார். இப்படித்தான் பல நாய்கள் காப்பகங்களுக்கும் தெருவுக்கும் வந்து சேர்கின்றன.

தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாத இனங்களுள் இவ்விரண்டையும் சேர்த்திருந்தது. அது கருநாடகத்தில் சட்டமன்று. ஆயினும் அதிலுள்ள அறிவுரை எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

எனவே என் முடிபு இது: இரண்டுள் எதனையும் விலைக்கு வாங்க வேண்டா. வாங்குவோர் குறைந்தால், விற்பதற்காக ஈனச் செய்வோரும் குறைவர். கைவிடப்பட்ட ஒன்றுக்கு இடம் தர விரும்பினால், ஹஸ்கியைத் தேர்க. அதுவும் குளிர்ந்த தரை, விசிறி, குறையாத நீர், விடியுமுன் ஓட்டம், பகலில் உடனிருக்க ஓர் ஆள் ஆகிய ஐந்தும் அமைந்தால் மட்டுமே. அமையாவிடின், நம் தெருவிலேயே பிறந்து, இவ்வூர் வெயிலுக்குப் பழகிய குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டு வளர்க்கலாம். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நம் மண்ணின் நாய்களே. ஆயினும் அவையும் ஓடப் பிறந்தவை. அறைக்கு ஏற்றவை அல்ல.

நாயை விரும்புவோர் முதலில் அது வாழும் இடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தோழர்களே, அன்பு என்பது அதுவே அன்றோ?