ஹீட்டருக்கே குளிர் ஜுரம்!

அதிராம்பட்டினத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய், "என் கார் ஹீட்டரில் குளிர்காத்து வருது" என்று சொல்லிப் பாருங்கள். காரைத் தொடுவதற்கு முன்னால் அவர் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். உப்பளத்தில் உப்பு விளைகிற வெயில் எங்கள் ஊர் வெயில். இங்கே ஹீட்டர் ஓடினால் என்ன, படுத்தால் என்ன?

வத்தலக்குண்டு தாண்டுகிற வரை இந்தப் பேச்சு சரி. அதற்கப்புறம் மலை. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். நாமோ கடல்மட்டத்திலேயே குடியிருப்பவர்கள்!

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். டிசம்பர் லீவில் வயதான உம்மாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் கிளம்பினார். பெருமாள்மலை தாண்டியதும் உள்ளே இருந்தவர்களின் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி பூராவும் பனி மூடிவிட்டது. ஹீட்டரைத் திருப்பினால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி காற்று! ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துண்டு. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வளைவுகளில் ஓட்டியிருக்கிறார். ஹீட்டர் என்பது சொகுசு சமாசாரம் இல்லை, உயிர் சமாசாரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்ததாம்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"ஹீட்டருக்குச் சூடு எங்கேருந்து காக்கா வருது?" என்றேன்.

"நீங்க கணக்குப் படிச்சவங்கதானே தம்பி? ஊத்துற பெட்ரோல்ல கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருது. மிச்சத்துல பெரும்பகுதி சூடாத்தான் வீணாப் போகுது. அந்த நஷ்டக் கணக்குலேருந்து கொஞ்சம் எடுத்து உங்க காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறதுதான் ஹீட்டர்!"

பி.காமில் மூன்று வருஷம் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் நஷ்டக் கணக்கு சொல்லிக் கொடுத்ததில்லை.

விஷயம் இதுதான். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரி வரை சூடாகும். அதில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்வரும். அதன் மேல் ஃபேன் காற்றை ஊதும். தண்ணீர் வராவிட்டால் ஊதுவது வெறும் காற்றுதான்.

காக்கா இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டார். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தார். பிறகு இன்ஜினை நிறுத்தி, டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு ஹோஸ்களையும் துணியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான்!

இரண்டுமே சூடாக இருந்தால் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறது. கோளாறு காற்றைத் திருப்பிவிடும் கதவிலோ கேபிளிலோ. இரண்டும் ஜில்லென்றிருந்தால் தண்ணீர் குறைவு, அல்லது நடுவில் காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் கோளாறு. சூட்டைத் திறந்துவிடும் வால்வு மூடிக் கிடந்தாலும் இப்படி ஆகலாம். ஒன்று சூடு, ஒன்று ஜில் என்றால் குட்டி ரேடியேட்டரில் அடைப்பு.

எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது. ஹோஸைக் கழற்றியதும் டீக்கடை டிகாக்‌ஷன் மாதிரி துருத் தண்ணீர் வழிந்தது.

"என்னா தண்ணி ஊத்துறீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான்..."

"கடலோரத்து போர் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது. காரு மட்டும் தாங்குமா?"

உப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய்களை அடைத்துவிட்டன. எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சி, தெளியும்வரை கழுவினார். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றி, அடைத்திருந்த காற்றை வெளியேற்றினார். கூலன்ட் துரு பிடிக்காமலும் காக்கும். ஆனால் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு கைங்கரியமும் உண்டு. "இந்தச் சூட்டுக்கு எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது! இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் இன்ஜின் சீக்கிரம் சூடேறாது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், மலையில் ஹீட்டரும் கைவிடும். ஹீட்டர் ஒழுகினால் இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்துவிடும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஓடும்போது ஹீட்டர் திடீரென்று குளிர்ந்து, சூட்டு முள்ளும் மேலே ஏறினால், தண்ணீர் தீர்ந்துபோனதற்கான அபாயச் சங்கு அது! உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட்டே போய்விடும். ஆறுகிற வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவும் கூடாது. கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீறிடும்.

எலெக்ட்ரிக் காரில் இன்ஜினே இல்லையே என்கிறீர்களா? அங்கே ஹீட்டருக்கும் பேட்டரியிலிருந்துதான் கரண்ட். போட்டால் ஓடும் தூரம் குறையும். ஓசிச் சூடெல்லாம் பெட்ரோல், டீசல் வண்டியில்தான்!

மலைக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் ஸ்வெட்டர் எடுத்து வைக்கிற அன்றைக்கே, காரிலும் ஹீட்டரை ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிடுங்கள். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்... வேர்த்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்!