பெயிண்ட் புட்டி ஏன் விமானம் ஏறுவதில்லை?

ஊட்டியை அடுத்த காந்தலில் ஒரு மாணவன் நீலகிரி மலை ரயிலின் சிறு மாதிரி ஒன்றைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அட்டையும் பிளாஸ்டிக் தகடும் கொண்டு பெட்டிகளை ஒட்டியாயிற்று. இனி நீலமும் வெளிர் மஞ்சளும் பூச வேண்டும். இத்தகைய மாதிரிகளுக்கென்றே ஜப்பானிலும் இங்கிலாந்திலும் சிறு புட்டிகளில் பெயிண்ட் விற்கிறார்கள். மாணவன் எழுதிக் கேட்கிறான். தூரிகை அனுப்புகிறோம், உப்புத்தாள் அனுப்புகிறோம், பெயிண்ட் மட்டும் அனுப்ப இயலாது என்று பதில் வருகிறது. ஒரு கட்டைவிரல் அளவுப் புட்டிக்கு இத்தனை தடை ஏன்?

பெயிண்டில் மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தரும் தூள் ஒன்று. அதைப் பரப்பில் ஒட்டவைக்கும் பிசின் இரண்டாவது. இவ்விரண்டையும் நீர்மமாக வைத்திருக்கும் கரைப்பான் மூன்றாவது. பூசியபின் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும். நாம் 'காய்ந்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான். விரைவில் காய வேண்டுமானால் கரைப்பான் விரைவில் ஆவியாக வேண்டும். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. எரிவது திரவம் அன்று, அதன் ஆவிதான்.

ஒரு திரவத்தை மூடிய கிண்ணத்தில் மெல்லச் சூடாக்கி, அவ்வப்போது மூடியைத் திறந்து சிறு சுடரைக் காட்டுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மேலே உள்ள ஆவி 'பக்' என்று பற்றி மறையும். இதை ஃபிளாஷ் பாயிண்ட் என்பர். நாம் தீப்பற்று நிலை என்று சொல்வோம். மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரி செல்சியசுக்கு மேல். டர்பன்டைனுக்குச் சுமார் 35. தின்னரில் சேரும் டொலுவீனுக்கு 4 டிகிரி. அசிட்டோனுக்கோ பூச்சியத்துக்கும் கீழே, சுமார் 20 டிகிரி! ஜனவரி மாதத்து விடியலில் காந்தல் மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்குமே, அந்தக் குளிரிலும் திறந்த அசிட்டோன் புட்டியின் மேல் தீப்பற்றப் போதுமான ஆவி நிற்கும். குளிர் ஊர் என்பதால் பயமில்லை என்று எண்ணுவது தவறு.

தீப்பற்று நிலை 60 டிகிரிக்கு மேற்படாத திரவங்களை ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியல் 3ஆம் வகுப்பு ஆபத்துப் பொருள்கள் என்கிறது. 23 டிகிரிக்குக் கீழே என்றால் இன்னும் கடுமையான பிரிவு. நம் நாட்டின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும் முதல் வகுப்புக்கு இதே 23 டிகிரியைத்தான் எல்லையாக வைத்துள்ளது. பட்டியலில் பெயிண்டின் எண் 1263. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் பெட்ரோல் லாரியின் பின்புறத்தைப் பாருங்கள், 1203 என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே வகுப்புத்தான்.

சரி, இறுக மூடிய புட்டி விமானத்தில் என்ன செய்துவிடும்? மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது வறுவல் பொட்டலம் உப்பிப்போவதைக் கண்டிருப்பீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். வானில் 10,000 மீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்தின் உள்ளேயும் அழுத்தம் குறைகிறது. கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரத்து அளவுக்கு இறங்கலாம். அதாவது, விமானத்தின் உட்புறம் ஏறக்குறைய ஓர் ஊட்டி. கடற்கரையில் மூடிய புட்டி அங்கே உள்ளிருந்து மூடியைத் தள்ளும். மூடி சற்றுத் தளர்ந்தால் ஆவி கசியும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அசிட்டோன் ஆவி இரு மடங்கு, டொலுவீன் ஆவி மூன்று மடங்கு. ஆகவே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து தேங்கும். ஒரு மின்பொறி போதும். நடுவானில் தீயணைப்பு வண்டிக்கு எங்கே போவது?

இது வெறும் கற்பனைப் பயமன்று. 1973 நவம்பர் 3ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்ட பான் ஆம் சரக்கு விமானத்தில் நைட்ரிக் அமிலப் புட்டிகள் இருந்தன. அவற்றை மரத்தூளில் பொதிந்திருந்தார்கள். கசிந்த அமிலம் மரத்தூளோடு வினைபுரிந்து புகை கிளம்பிற்று. பாஸ்டனில் இறங்க முயன்றபோது விமானம் விழுந்து, அதிலிருந்த மூவரும் மாண்டனர். பொதிந்தவர் செய்த பிழை அது. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981இல் ஆபத்துப் பொருள்களுக்கெனத் தனி விதித்தொகுப்பை ஏற்றது. இந்தியாவில் இதற்கான விதிகள் 2003இல் வந்தன. தபாலிலோ முன்பிருந்தே தடை. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமே ஆபத்தான பொருள்களை விலக்கியிருந்தது.

அமிலத்தையும் மரத்தூளையும் சொன்னதும் நீலகிரிக்காரர்களுக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். மரத்திலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தோடு, கந்தக அமிலமும் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிடைப்பது நைட்ரோ செல்லுலோஸ். மலை ரயிலில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் இடையே அருவங்காடு நிலையம் வருகிறதல்லவா? அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 1904இல் கார்டைட் செய்யத் தொடங்கியது. நைட்ரோ செல்லுலோசையும் நைட்ரோ கிளிசரினையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்தால் கார்டைட். அதே நைட்ரோ செல்லுலோசில் நைட்ரஜன் அளவைச் சற்றுக் குறைத்து, கரைப்பானில் கரைத்து, நிறம் சேர்த்தால் லாக்கர் பெயிண்ட்! 1920களில் கார்களுக்குப் பூச வந்த 'டூகோ' இந்த இனம்தான். நாள்கணக்கில் காய்ந்த எண்ணெய்ப் பெயிண்டின் இடத்தை, சில மணி நேரத்தில் காயும் இது பிடித்துக்கொண்டது. பீரங்கிக்கும் பொம்மைக்கும் இத்தனை நெருங்கிய உறவு!

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. கப்பலில் வரலாம். ஆனால் உரிய பொதி, சிவப்புச் சாய்சதுரச் சீட்டு, உறுதிமொழிப் பத்திரம், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் புட்டியின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். வியாபாரிகள் பெட்டி பெட்டியாகத் தருவிக்கும்போதுதான் இது கட்டும். சிலர் 'பொம்மைப் பாகங்கள்' என்று பொய்ப்பெயர் எழுதி அனுப்புகிறார்கள். 1973இல் மூவர் மாண்டது எதனால் என்று தெரிந்தவர் அப்படிச் செய்யார்.

நீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டே எளிய வழி. அக்ரிலிக் என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் தண்ணீருக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கும், அதுவும் 3ஆம் வகுப்பே. நீர்ப்பெயிண்டுக்கும் காந்தலில் ஒரு பகை உண்டு. உறைபனி இரவில் புட்டி உறைந்து உருகினால், உள்ளே திரிந்த பால்போலக் கட்டி கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. எனவே டிசம்பர், ஜனவரியில் அதைச் சன்னலோரத்தில் வைக்காமல் வீட்டின் உட்பக்கம் வைத்திருங்கள். தின்னர் புட்டியை மட்டும் அடுப்போ கணப்போ இருக்கும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது.