நடைபாதையில் உறங்கும் பிரஜைகள்

இரவு பத்து மணிக்கு மேல் சென்னையில் வால்டாக்ஸ் ரோட்டிலும் பிராட்வேயிலும் நடந்து செல்வோர், பூட்டிய கடைகளின் வாசலில் படுத்துறங்கும் ஜனங்களைக் காணாதிருக்க முடியாது. காண்போர் கொள்ளும் எண்ணங்கள் பெரும்பாலும் இரண்டே. ‘பாவம், பிச்சைக்காரர்கள்’ என்பது ஒன்று. ‘பட்டணத்தின் அழகைக் கெடுக்கிறார்கள்’ என்பது மற்றொன்று. முன்னவர் கம்பளி வாங்கிக் கொடுக்கிறார். பின்னவர் போலீஸாரை அழைக்கிறார். படுத்திருப்பவர் பகலில் என்ன தொழில் செய்கிறார் என்று இருவருமே கேட்பதில்லை.

அவர் மூட்டை தூக்குகிறார், மீன்பாடி வண்டி மிதிக்கிறார், பூக்கட்டி விற்கிறார், ஹோட்டலில் பாத்திரம் துலக்குகிறார். யாசிப்போரும், சித்தங் கலங்கியோரும், பெற்ற மக்களால் கைவிடப்பட்ட கிழவர்களும் அக்கூட்டத்தில் உண்டு; இல்லையென்று நாம் கூறவில்லை. ஆயினும் உழைத்துப் பிழைக்கும் கூலிகளே அங்கு மிகுதி. வேலை கிடைக்குமிடத்தில் வாடகைக்கு இடம் கிடைக்காமையால் அவர்கள் நடைபாதையில் படுக்கிறார்கள்.

இவ்வுண்மையை நம் தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டே பதிவு செய்திருக்கிறது. 1981 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பிவிடுவதாக மகாராஷ்டிர முதல் மந்திரி அந்துலே அறிவித்தார். அதை எதிர்த்துக் கோர்ட்டை நாடியவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமற்ற விவசாயக் கூலி. மழை பொய்த்து வேலையிழந்தபின் 1961-ஆம் வருஷம் பம்பாய் சென்றவர். ரசாயனக் கம்பெனி ஒன்றில் அவருக்குத் தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு மறைத்த ஓரிடத்துக்காக ஒரு பேட்டை ரௌடி அவரிடம் பறித்த தொகை 2,500 ரூபாய்! முனிசிபாலிடியார் அக்குடிசையைப் பிரித்தெறிந்து, குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்கள் ஊரில் தங்கினர். அவரோ வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே வந்து நடைபாதையில் சேர்ந்தார். பஞ்சம் துரத்திய மனிதனைப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பியனுப்பிவிடலாம் என்று நினைத்த அதிகாரிகளின் புத்தியை என்னென்பது!

பிரதம நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலை 10-ந் தேதி அவ்வழக்கில் தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையில் ஜீவனோபாய உரிமையும் அடங்கும் என்றது தீர்ப்பு. வக்கீல்கள் இன்றும் போற்றும் வாசகம் அது. ஆனால் அதே தீர்ப்பு, நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும், முன்னறிவிப்பின்றி அப்புறப்படுத்த அதிகாரம் தரும் 1888-ஆம் வருஷத்து முனிசிபல் சட்டத்தின் ஷரத்து செல்லும் என்றும் கூறிற்று. சாதாரணமாக முன்னறிவிப்புத் தரவேண்டும் என்பதும், மழைக்காலம் கழியும்வரை அவகாசம் என்பதுமே பெரும்பாலோர்க்குக் கைகண்ட பலன்.

இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. 1874-ஆம் வருஷம் வெள்ளைக்கார சர்க்கார், வேலையின்றித் திரியும் ஐரோப்பியருக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அவர்கள் தங்கி உண்ண விடுதிகள் அமைக்க வழி செய்தது. அந்த விடுதியும் ஒருவகைச் சிறைதான். எனினும், ஆளும் ஜாதியார் தெருவில் கிடந்தால் ஆட்சிக்கே மானக்கேடு என்று அவர்களுக்குத் தோன்றிற்று. நம்மவர் தெருவில் கிடப்பது நமது சர்க்கார்களுக்கு அவ்வாறு தோன்ற வெகுகாலம் பிடித்தது. 2010 ஜனவரியில், டில்லியின் கடுங்குளிரில் இரவு விடுதியொன்று இடிக்கப்பட்டதைக் கண்ட பிறகே சுப்ரீம் கோர்ட் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பிக்கத் தொடங்கிற்று. பெருநகரங்களில் லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு விடுதி, வருஷம் முழுதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2013-இல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டமும் அதே கணக்கைக் கொண்டு, லட்சம் ஜனத்தொகைக்குக் குறைந்தது 100 பேருக்கு இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று விதித்தது.

இக்கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். 2011 ஜனக் கணக்கின்படி நம் நகரவாசிகள் 37 கோடியே 70 லட்சம். லட்சத்துக்கு ஒன்றாக எல்லா நகரங்களிலும் விடுதி எழுப்பினாலும் 3,770 தான். அவற்றில், விதித்த குறைந்த அளவுப்படி, 3,77,000 பேர் உறங்கலாம். அதே ஜனக் கணக்கு நகரங்களில் வீடற்றோராக எண்ணியதோ 9 லட்சத்துக்கு மேல். உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினாலும் ஐவரில் மூவர் தெருவில்தான்.

விடுதி எங்கே என்பது அதனினும் முக்கியம். காசிமேட்டில் விடியுமுன் மீன் இறங்கும். கூடை சுமப்பவர் அந்நேரம் அங்கிருக்க வேண்டும். வண்டிக்காரர் தம் வண்டியைப் பிரிந்து உறங்கமாட்டார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்த விடுதிக்குள் குடும்பஸ்தன் மனைவி மக்களோடு எங்ஙனம் நுழைவான்? பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்கிறார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து அது 25 கிலோமீட்டருக்குக் குறையாது. அரைக்கூலியைப் பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிடப் பழைய கடை வாசலே மேல் என்று ஒருவர் திரும்பி வந்தால், அவரை நன்றி கெட்டவர் என்று ஏசுவது நியாயமன்று. கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரயிலடிக்கும் அருகே, குடும்பமாகத் தங்கவும் சாமான் வைத்துப் பூட்டவும் வண்டி நிறுத்தவும் இடமுள்ள விடுதிகளே வேண்டும். அவ்விடங்களில் நிலத்தின் விலை அதிகம் என்பது கார்ப்பொரேஷன் கூறக்கூடிய சமாதானம். ஆனால் இரவில் பூட்டிக் கிடக்கும் சர்க்கார் கட்டிடங்களுக்கு அங்கெல்லாம் பஞ்சமில்லை.

இதைக் கேட்டு வாங்கப் பலம் எங்கிருந்து வரும்? வோட்டர் ஜாபிதாவில் பெயரில்லாதவருக்காக எந்தக் கவுன்சிலரும் நிலம் தேடப் போவதில்லை. வீடின்றி எவ்வாறு பெயர் சேர்ப்பது என்று நம் தொண்டர்களே கேட்கிறார்கள். தேர்தல் கமிஷனின் விதியை அவர்கள் வாசிக்க வேண்டும். வீடற்றவர், தாம் உறங்குமிடத்தையே விலாசமாக ஆறாம் படிவத்தில் எழுதலாம். வாக்குச்சாவடி அதிகாரி ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கு சென்று, அவர் உறங்குவது மெய்யென்று கண்டால், இருப்பிடத்துக்கு வேறு தஸ்தாவேஜு தேவையில்லை.

ஆகவே ஒவ்வொரு வட்டத்துத் தொண்டர்களும் இரவில் சென்று படிவங்களை நிரப்ப வேண்டும். இன்ன கடை வாசல், இன்ன கம்பம் என்று இடத்தைத் திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி வரும் இரவுகளில் உடன் நிற்கவும் வேண்டும். போலீஸார் எழுப்பி விரட்டியதால் அன்றிரவு ஒருவர் அவ்விடத்தில் இல்லாமற் போனால், அதையும் எழுத்தில் பதிவு செய்யும்படி அதிகாரியைக் கேட்பது அவசியம்.