மடியில் கனம்

"மடியில் கனமிருந்தால் வழியில் பயம்" என்பது முதுமொழி. இன்று பொறியியல் கல்லூரியில் காலடி வைக்கும் பிள்ளையின் மடியில் ஏறும் கனம் மடிக்கணினி. பயமோ அதை வாங்கித் தரவேண்டிய தந்தைக்கு. சிவகாசி வட்டாரத்தில் அத்தந்தை பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ அச்சகத்திலோ கூலி பெறுபவராக இருப்பார். பட்டாசில் பேரியம் உப்பைப் பயன்படுத்தலாகாது என உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் ஆணையிட்ட பின்னர் வேலைநாள் சுருங்கிய ஆலைகள் பல. அக்கூலியிலிருந்து ரூ.50,000 எடுத்துவைப்பது எளிதன்று. ஆகவே இத்தேர்வைக் கடைக்காரரின் நாவன்மைக்கு விட்டுவிடலாகாது என்பதே நம் கருத்து.

அரசு வழங்காதா எனக் கேட்கலாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கி, சில ஆண்டுகள் நடந்து, பின் நின்றது. 2025 மார்ச்சில், நம் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதியிலிருந்து தேர்வாகி அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என அறிவித்தார். 2026 சனவரியில் வழங்கலும் தொடங்கியது. ஆனால் நம் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகள், 1984இல் தோன்றிய மெப்கோ சுலெங்க் உட்பட, பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகளே. அங்குச் சேர்வோர் தம் கையையே நம்பவேண்டும்.

"எந்தக் கணினி?" என்பதற்கு முன் "எந்தப் பிரிவு?" என்று கேட்கவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறை முதற்பருவத்திலேயே எல்லாப் பிரிவினர்க்கும் பைத்தான் நிரலாக்கத்தை வைத்தது. பைத்தான் எளிய கணினியிலும் ஓடும். கல்லூரி ஆய்வகத்தில் அதற்கு வசதியும் உண்டு. எனவே சேர்க்கை நாளன்றே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. முதற்பருவம் முழுவதும் பொறுத்திருப்பினும் குறைவில்லை. கட்டடவியலும் இயந்திரவியலும் பயில்வோர்க்கு நிலை வேறு. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைமென்பொருள்கள் 16 ஜி.பி. ரேம் கேட்பவை. சாலிட்வொர்க்ஸ் விண்டோசில் மட்டுமே இயங்குவதால் ஆப்பிள் மடிக்கணினி இவர்களுக்கு ஏற்றதன்று, அதன் அழகு எத்துணை கண்ணைப் பறித்தாலும்! ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்க்குத் தன் மென்பொருள்களை இலவசமாகவே தருகிறது. திருட்டுப் பிரதி தேடி வைரசை விருந்தழைக்க வேண்டா. கணினி அறிவியலார் செயற்கை நுண்ணறிவுக்கென விலையுயர்ந்த வரைகலை அட்டை கேட்பர். தொடக்கப் பயிற்சிக்குக் கூகுள் கொலாப் இணையத்தில் இலவசமாக இடந்தருகிறது; விளையாட்டுக்கு வேண்டுமாயின் அதை விளையாட்டு என்றே தந்தையிடம் சொல்லட்டும்.

"ஐ-5" என்ற ஒட்டுச்சீட்டு மட்டும் போதாது. அதன் பின்வரும் எண் தலைமுறையைக் காட்டும். 1235யு என்பது பன்னிரண்டாம் தலைமுறை. ஈற்றெழுத்து 'யு' எனில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது. 'எச்' எனில் ஆற்றல் மிக்கது, வெப்பமும் மிக்கது. விருதுநகர் வெயிலில் இது சிறு செய்தியன்று. ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னர்க் கூட்டத்தக்கதா எனக் கட்டாயம் கேட்க வேண்டும். கூட்டத்தக்கதாயின் இன்று 8 ஜி.பி.யோடு வாங்கி, ஈராண்டு கழித்துத் தேவை கண்டு பெருக்கலாம். சேமிப்பகம் பழைய ஹார்டு டிஸ்க்காக இன்றி எஸ்.எஸ்.டி.யாக இருத்தல் வேண்டும். வேகத்தில் பெருவேறுபாடு காண்பது இதனால்தான். பழுது பார்க்கும் நிலையம் நம்மூரிலோ மதுரையிலோ உள்ளதா என்பதும் வினவத்தக்கது.

பழைய கணினி வாங்குவோர் ஒன்றறிக: விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை பொதுவாக விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. லினக்ஸ் பழகுவோர்க்கு மட்டுமே அவை ஆகும். (தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல்: விண்டோசிலேயே தமிழ்99 விசைப்பலகை உண்டு. வாங்கிய அன்றே அதை இயக்கிவைக்கலாம்.)

இனிப் பணம். "வட்டியில்லாத் தவணை" எனக் கடைகள் கூவுவதில் வங்கி வட்டி இருக்கவே செய்கிறது. அத்தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில் விழும். வட்டியை விலக்கிய மார்க்கத்தினர் பெயரைக் கண்டு மயங்காது கணக்கைக் கேட்டறிதல் நலம். நம் ஜமாஅத்துப் பெரியோர் இதற்கென ஒரு சிறு நிதியை ஒதுக்கி, அழகிய கடனாக வழங்க முன்வரலாம். பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே கடையில் வாங்கினால் விலையும் பேசிக் குறைக்கலாம். சமயம் பாராது ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் எல்லார்க்கும் அது திறந்திருக்கட்டும். தீபாவளி கழிந்து ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் மட்டும் தவணை கேட்காதிருக்கவேண்டும்.