புதுசை ஜெயிக்கும் பழசு

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் லேப்டாப் சிப்களில் புதியதெல்லாம் வேகமானது அல்ல. கிங்ஸ் சர்க்கிள் மாணவர்கள் படிக்க வேண்டியது பளபளக்கும் ஸ்டிக்கரை அல்ல, சிப்பின் எண்ணை.

கிங்ஸ் சர்க்கிளில் மகேஷ்வரி உத்யான் அருகே நடைபாதையில் பழைய பாடப் புத்தகம் வாங்குகிறவர்கள் ஏமாறுவது அபூர்வம். பழைய பதிப்பு என்பதற்காக அவர்கள் ஒரு புத்தகத்தை ஒதுக்குவதில்லை. எந்த அத்தியாயம் மாறியிருக்கிறது, அது பரீட்சைக்கு வருமா என்று பார்த்துத்தான் பணத்தை எடுப்பார்கள். சுற்றிலும் வி.ஜே.டி.ஐ., இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி, ரூயியா, கால்சா என்று கல்லூரிகள். ஆனால் லேப்டாப் வாங்கும்போது மட்டும் இந்தப் பக்குவம் எங்கோ போய்விடுகிறது.

தாராவியிலோ செம்பூரிலோ மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் ஒரு குடும்பத்துக்கு, முதல் ஆண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்குவது ஃபிரிஜ் வாங்குவதைப் போன்ற பெரிய செலவு. ஒருமுறை தப்பாக வாங்கினால் பட்டம் வாங்கும்வரை அதையே கட்டி மாரடிக்க வேண்டும். மாட்டுங்கா ரோடில் ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லேமிங்டன் ரோடு. அங்கே சிறிய பட்ஜெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மெஷின்கள்தான் அகப்படும். ஒன்று, பெட்டி பிரிக்காத, வாரன்டியோடு வரும் மலிவான புது லேப்டாப். இன்னொன்று, கம்பெனிகள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிட்ட, கட்டுமஸ்தான பழைய லேப்டாப். பெற்றோரின் கை இயல்பாகவே புதியதை நோக்கித்தான் நீள்கிறது.

அங்கேதான் சிக்கல். 2019 கடைசியில் வந்து, பல ஆண்டுகள் மலிவான புது லேப்டாப்களில் குடியிருந்த சிப் இன்டெல் செலரான் என்4020. இரண்டு கோர்கள், 6 வாட். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2017 ஆகஸ்டில் வந்தது கோர் ஐ5-8250யு. நான்கு கோர்கள், 15 வாட். எல்லாக் கோர்களையும் முடுக்கிவிடும் வேலைகளில் மூத்த சிப் இளையதைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமானது. தேதியை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பத்து டேப் திறந்ததுமே உணர்ந்துவிடுவார்கள்.

வாட் என்ற எண்ணும் பலரைக் குழப்புகிறது. 6 வாட், 15 வாட் என்பவை மீட்டர் கணக்கு அல்ல. சிப் வழக்கமான வேகத்தில் தொடர்ந்து உழைத்தால், லேப்டாப்பின் விசிறியும் உலோகத் தகடும் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு அது. சில விநாடிகளுக்கு அதை மீறி ஓட சிப்புக்கு அனுமதி உண்டு. அதேபோல, சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டுமே ஏறக்குறைய தூங்கிவிடும். ஒரு பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது சிப்பைவிடத் திரைதான் அதிக மின்சாரம் குடிக்கிறது.

எனவே, 6 வாட் சிப் வாங்கினால் மின் கட்டணம் குறையும் என்ற வாதம் அவ்வளவு எடுபடாது. பழைய மெஷின் 10 வாட் அதிகமாகவே இழுக்கிறது, தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குச் சுமார் 22 யூனிட்தான் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 176 ரூபாய். குறைந்த வாட்டின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பேட்டரி நீடிக்கும், மடி சுடாது, விசிறி இரையாது. பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் தூங்கும்போது ஒருவர் படிக்க வேண்டிய வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல.

சிக்கனத்துக்கான இந்த ஓட்டம் எப்படித் தொடங்கியது? 2004இல் இன்டெல்லின் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, டெஸ்க்டாப்பில் 115 வாட்டை விழுங்கியது. வேகத்தைக் கூட்டக் கூட்ட வெப்பம் கட்டுக்கு அடங்காமல் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே, இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள இன்டெல் குழு வேறு வழியில் போயிருந்தது. அவர்களுடைய பென்டியம் எம் 24.5 வாட்டில் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை பார்த்தது. அந்தச் சிந்தனையே பிறகு கோர் வரிசைக்கு அடித்தளம் ஆயிற்று.

2008இல் வந்த ஆட்டம் என்270 சிக்கனத்தின் எல்லைக்கே போனது. வெறும் 2.5 வாட். ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம். மாட்டுங்கா உடுப்பி ஹோட்டலில் மசால் தோசைக்குக் காத்திருப்பவர் முதலில் நிற்கிறார் என்பதற்காக, பின்னால் வெறும் காப்பி கேட்பவரையும் நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும்? ஆட்டம் அப்படித்தான் கட்டளைகளை வரிசை மாறாமல் நிறைவேற்றியது. கோர் சிப்களோ காப்பியை முதலில் கொடுத்து அனுப்பிவிடும். போதாக்குறைக்கு, ஆட்டத்தின் துணைச் சிப்கள் ஆட்டத்தைவிட அதிக மின்சாரம் தின்றன. 2013இல்தான் ஆட்டம் குடும்பமும் வரிசையை மாற்றிக்கொள்ளக் கற்றது. அதே ஆண்டு கோர் வரிசையில் ஹாஸ்வெல் வந்தது. துணைச் சிப்பையும் ஒரே பொதியில் அடக்கி, மெல்லிய லேப்டாப்களுக்கு 15 வாட் என்ற வரம்பை நிலைநாட்டியது அதுதான்.

அந்த 15 வாட்டுக்குள்ளேயே நடந்த மிகப் பெரிய பாய்ச்சல் 2017இல் வந்தது. முந்தைய ஆண்டின் ஐ5-7200யு இரண்டு கோர்களை 2.5 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தில் ஓட்டியது. ஐ5-8250யு அதே 14 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், அதே 15 வாட்டில், நான்கு கோர்களைக் கொடுத்தது. அடிப்படை வேகத்தை 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கியதுதான் சூட்சுமம். சிப்பின் மின் செலவு வேகத்தோடு மட்டும் அல்ல, மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும். செலவு சரசரவென்று இறங்கும். அவசரப்படும் இருவரைவிட நிதானமான நால்வர் குறைந்த சாப்பாட்டில் அதிக வேலை முடிக்கிறார்கள். தனியாகச் செய்ய வேண்டிய வேலை வந்தால் ஒரு கோர் மட்டும் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவும்.

அதற்காகப் பழசுதான் என்றும் ஜெயிக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. 2023 ஜனவரியில் வந்த இன்டெல் என்100 மலிவு சிப்களின் மானத்தைக் காப்பாற்றியது. நான்கு கோர்கள், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை, அதே 6 வாட். பல வேலைகளில் ஐ5-7200யுவைத் தாண்டி, 15 வாட் ஐ5-8250யுவை நெருங்குகிறது. யூடியூப் இப்போது பயன்படுத்தும் ஏவி1 வீடியோவை விரிப்பதற்கென்று அதில் தனிச் சுற்றே இருக்கிறது. 2017 சிப்பில் அது கிடையாது. கோர்களே மெனக்கெட வேண்டும், பேட்டரி கரையும். ஆன்லைனில் பாடம் கேட்பவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய வித்தியாசம்.

சிக்கனச் சிப்களுக்கு உலகம் முழுக்க வழிகாட்டியது ஒரு பிரிட்டிஷ் வடிவமைப்பு. 1985இல் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய ஆர்ம், செல்ஃபோன்களை முற்றாகப் பிடித்துக்கொண்டது. 2020 நவம்பரில் அந்த வழியில் ஆப்பிள் கொண்டுவந்த எம்1, விசிறியே இல்லாத மேக்புக் ஏரில் பெரிய லேப்டாப்களை வெட்கப்படுத்தியது. இன்டெல்லின் புதிய அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தாராவி பட்ஜெட்டுக்கு ஆப்பிள் இன்னும் எட்டாக் கனிதான்.

வேகத்தைவிடப் பெரிய தலைவலியைக் கிளப்பியிருப்பது மைக்ரோசாஃப்ட். 2021இல் அறிவித்த விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கோர் சிப்களை ஏற்கவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆமை வேக என்4020க்கு அனுமதிச் சீட்டு உண்டு. அதைப்போல் இருமடங்கு வேகமுள்ள ஐ5-7200யுவுக்குக் கிடையாது. காரணம் வேகம் அல்ல, பாதுகாப்பு அம்சங்கள் என்பது மைக்ரோசாஃப்டின் விளக்கம். நன்றாக ஓடும் லட்சக்கணக்கான மெஷின்கள் ஒரே கெடுவில் அநாதையாகிவிட்டன. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப கால மெஷின்களும் இதே கதிதான்.

அப்படி ஒதுக்கப்பட்டவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? தேவையில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற இலவச லினக்ஸ் மென்பொருள்கள் அவற்றில் ஓடும். எழுதவும் படிக்கவும் புரோகிராம் பழகவும் அது போதும். ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன்பே நடந்துவிடுகிறது. இன்னும் மூன்று ஆண்டுகள் அதை ஓட்டினால் அத்தனை நாள் குப்பை குறையும். பிளாஸ்டிக்கும் தகரமும் தரம் பிரிக்கும் தாராவி 13வது காம்பவுண்டை அறிந்தவர்களுக்குக் குப்பை என்பது எங்கோ மறைந்துபோகும் பொருள் அல்ல, யாரோ ஒருவர் கையால் உடைக்கும் பொருள்.

ஆக, கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. 'ஐ5' என்ற எழுத்து வயதைச் சொல்லாது. கோட்டுக்குப் பின் வரும் எண்தான் சொல்லும். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு. விண்டோஸ் வேண்டுமென்றால் எட்டுக்குக் கீழே போக வேண்டாம். பழைய மெஷினில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உப்பியிருக்கிறதா, முந்தைய கம்பெனியின் பாஸ்வேர்ட் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். புதியதில், மெமரி 4 ஜிபியோடு பலகையில் ஒட்டப்பட்டுக் கூட்ட முடியாதபடி இருந்தால், அதை மேசையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. 8 ஜிபி மெமரியும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால், நாள் முழுக்கப் பையில் சுமக்கிறவருக்கு என்100. வீட்டில் சார்ஜரோடு உட்கார்ந்து கனமான வேலை பார்ப்பவருக்கு ஐ5-8250யு.

ஸ்டிக்கரின் பளபளப்பு ஒரு மாதத்தில் மங்கிவிடும். சிப்போடு நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடத்த வேண்டும்.