தோலின் உருவாக்கத்திலும் புற்றுநோயிலும் கட்டி ஒடுக்கும் மரபணுக்களின் பங்கு

முன்னுரை

மனிதரின் மேல்தோல் ஓயாது புதுப்பிக்கப்படும் திசுவாகும். அதன் அடியடுக்கிலுள்ள குருத்தணுக்கள் பிளவுற்றுப் புதிய உயிரணுக்களைத் தோற்றுவிக்கின்றன. அவை மேல்நோக்கி நகர்ந்து, கெரட்டின் நிறைந்து, உயிரிழந்து, சில வாரங்களில் உதிர்கின்றன. உயிரணு எப்போது பிளவுற வேண்டும், எப்போது முதிர வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்பவற்றை நெறிப்படுத்தும் மரபணுக்கள் பல உள்ளன. அவற்றுள் செயலிழந்தால் புற்றுநோய்க்கு வழிவிடுபவை கட்டி ஒடுக்கும் மரபணுக்கள் எனப்படுகின்றன. நோயைக் கொண்டு பெயர் பெற்ற இவற்றுள் சில, அடிப்படையில் தோலை உருவாக்கும் மரபணுக்களே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பேட்ச்டு மரபணு

பழ ஈயின் கருவில் உடற்கண்டங்களை அமைக்கும் மரபணுக்களைக் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் 1980இல் விவரித்தனர். ஹெட்ஜ்ஹாக், பேட்ச்டு ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். மனிதக் கருவில் மயிர்க்கால் உருவாக ஹெட்ஜ்ஹாக் வகைப் புரதத்தின் தூண்டுதல் தேவை. அத்தூண்டுதல் இல்லாத வேளையில் பேட்ச்டு புரதம், ஸ்மூத்தன்டு என்னும் புரதத்தைச் செயல்படவிடாமல் தடுக்கிறது.

1996இல் இம்மரபணுவின் மனித வடிவமே கோர்லின் நோய்க்குறித்தொகுப்புக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. இந்நோயுடையோர் பிறக்கும்போதே பழுதுற்ற ஒரு படியைப் பெற்றிருப்பர். தோலின் ஓர் உயிரணுவில் எஞ்சிய படியும் கெடுமாயின் தடை நீங்கி, அடித்தள உயிரணுப் புற்றுநோய் தோன்றுகிறது. விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் முன்வைத்த 'இரு தாக்குதல்' கருதுகோளுக்கு இது பொருந்துகிறது. இந்நோயாளிகளிடம் பிளவுபட்ட விலா எலும்புகளும் தாடை நீர்க்கட்டிகளும் காணப்படுவது, அதே மரபணு உடலமைப்பையும் நெறிப்படுத்துவதற்குச் சான்றாகும்.

நாட்ச்-1, பி53 மரபணுக்கள்

நாட்ச்-1, மேல்தோல் உயிரணுக்கள் பிளவை நிறுத்தி முதிர்வதற்குத் துணைபுரிகிறது. எலியின் மேல்தோலில் இதனை நீக்கியபோது கட்டிகள் தோன்றின. ஆனால் இதே மரபணு மிகையாகச் செயல்பட்டால் டி-உயிரணு இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. எனவே, ஒரு மரபணு கட்டியை ஒடுக்குவதா தூண்டுவதா என்பது திசுவைப் பொறுத்து அமைகிறது.

பி53, புறஊதாக் கதிரால் டி.என்.ஏ. சிதைந்த உயிரணுவின் பிளவை நிறுத்துகிறது. சிதைவு மிகுந்தால் அவ்வுயிரணுவை மடியச் செய்கிறது. செதிள் உயிரணுப் புற்றுநோய்களில் இம்மரபணுவே புறஊதாக் கதிருக்குரிய தனித்த பிறழ்வுகளுடன் காணப்படுவதை 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. காவலே கெடும்போது, சிதைந்த உயிரணுக்கள் மடியாமல் பெருகுகின்றன.

பிறழ்வும் நோயும்

பிறழ்வுற்ற உயிரணுக்கள் அனைத்தும் புற்றுநோயாவதில்லை. வெயில் பட்ட, நோயற்ற இமைத்தோலை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, நாட்ச்-1, பி53 உள்ளிட்ட மரபணுக்களில் பிறழ்வுற்ற உயிரணுக் கூட்டங்கள் அங்கு மிகுதியாக இருப்பதைக் கண்டது. அத்தோல் வழக்கம்போலவே இயங்கியது. பல தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கும்போதே நோய் உருவாகிறது.

முடிவுரை

இழந்த மரபணுவை மீட்பது அரிது. எனவே, மருத்துவம் அதன் இழப்பால் கட்டவிழ்ந்த புரதத்தைக் குறிவைக்கிறது. ஸ்மூத்தன்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அம்மருந்து கட்டியைச் சுருக்குவதோடு முடியுதிர்வையும் உண்டாக்குகிறது. கருவுக்கும் பெருந்தீங்கு விளைவிக்கிறது. கட்டியை வளர்க்கும் வழியும் மயிர்க்காலை வளர்க்கும் வழியும் ஒன்றே என்பதை இது உணர்த்துகிறது. ஆகவே, வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து தோலை இளமை முதலே காப்பது, இம்மரபணுக்களைக் காக்கும் எளிய வழியாகும்.