பெட்டி விளக்கும் படபடக்கும் இண்டிகேட்டரும்

விழுப்புரத்திலிருந்து கெடார், கண்டாச்சிபுரம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், இருபுறமும் பெட்டி மாட்டிய புல்லட்டுகளையும் ஹிமாலயன்களையும் பார்த்திருப்பீர்கள். பெட்டி ஏறியதும் ஒரு சின்னச் சிக்கல் வரும். நேர் பின்னால் வருபவருக்குத் தெரிகிற இண்டிகேட்டர், சற்று ஓரமாக வருகிற கரும்பு டிராக்டர்காரருக்குத் தெரியாமல் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பெட்டியிலேயே ஒரு விளக்கு வைத்து அதையும் கூடவே மின்ன விட்டால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான். டீ வரட்டும், அதற்குள் பார்த்துவிடலாம்.

வயரிங் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இடது பின் இண்டிகேட்டருக்குப் போகிற வயரிலிருந்து ஒரு கிளை இடது பெட்டிக்கு, வலதுக்கும் அப்படியே, எர்த் ஒன்று. வயரின் நிறம் வண்டிக்கு வண்டி மாறும். அதனால் நிறத்தை நம்பாமல், டெஸ்ட் லாம்ப் வைத்து எது மின்னுகிறது என்று பார்த்தே இணைக்க வேண்டும்.

எல்லோரும் தடுமாறுகிற இடம் அடுத்தது. பழைய பல்பை எடுத்துவிட்டுப் புது எல்.ஈ.டி. போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று மின்னும். உடனே, “கரண்ட் அதிகமாப் போகுது, பேட்டரி போயிடும்” என்பார்கள். உண்மை நேர் எதிர். கரண்ட் குறைந்ததால்தான் அது படபடக்கிறது.

எப்படி? இண்டிகேட்டரை மின்ன வைப்பது ஃப்ளாஷர் ரிலே என்கிற சின்ன டப்பா. தலையை எண்ணாமல், எத்தனை டீ காலியானது என்று பார்த்தே எத்தனை ஆள் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடும் மேஸ்திரி மாதிரி அது. 12 வோல்ட்டில் 10 வாட் பல்ப் ஒன்று 0.8 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு பல்ப் எடுப்பதை மேஸ்திரி எதிர்பார்த்திருக்கிறார். ஒன்று ஃபியூஸ் ஆனால், “ஒரு ஆள் வரலையே” என்று வேகமாக மின்னி நம்மை எச்சரிப்பார். எல்.ஈ.டி. ஆள் வந்துதான் இருக்கிறார். ஆனால் ஒரு மடக்கு டீதான் குடிப்பார், ஒன்றிரண்டு வாட். மேஸ்திரிக்கு அவர் வந்ததே தெரியவில்லை.

அந்தத் தவறான நம்பிக்கையும் காற்றிலிருந்து வந்ததல்ல. பழைய வண்டிகளில் இருந்த ஃப்ளாஷர் சூட்டில் வேலை செய்வது: உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். அதில் லோடு கூடினால் சீக்கிரம் சூடேறி மின்னுவது வேகமாகும். அந்தக் காலத்து மெக்கானிக் சொன்னது அந்த டப்பாவுக்குச் சரி. டப்பா மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

ஆகவே பழைய பல்பைக் கழற்றாமல் அதன் வயரிலேயே பெட்டியின் எல்.ஈ.டி.யைச் சேர்த்தால் வேகம் மாறவே மாறாது. பல்பையும் எடுத்துவிட்டு எல்லாம் எல்.ஈ.டி. ஆக்கினால்தான் வம்பு. அதற்குச் சிலர் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். வேலை செய்யாமல் டீ மட்டும் குடிக்க ஓர் ஆளை உட்கார வைப்பது அது. அந்த மின்சாரமெல்லாம் வெறும் சூடாகப் போகும். துணிப் பைக்குப் பக்கத்தில் வைத்தால் பை கருகும். லோடு எவ்வளவு இருந்தாலும் ஒரே வேகத்தில் மின்னும் எல்.ஈ.டி. ரிலே வாங்கிப் போடுவதே நல்லது. பலவற்றுக்குத் தனி எர்த் வயர் தேவைப்படும். பல்ப் போனாலும் அது சொல்லாது, நாம்தான் அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும்.

ரிலே மாற்றியும், இடது போட்டால் நாலும் மின்னுகிறதா? மீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே பச்சை விளக்கு உள்ள வண்டியாக இருக்கும். அந்த விளக்கு எதிர்ப்பக்க பல்புகள் வழியாகத்தான் எர்த் தேடிக்கொள்கிறது. பல்பை எரிய வைக்க அந்தச் சிறு கரண்ட் போதாது, எல்.ஈ.டி.க்குப் போதும். கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற டயோடு இரண்டு போட்டு, பச்சை விளக்குக்குத் தனி எர்த் கொடுத்தால் தீர்ந்தது.

இன்னும் சில. பெட்டியோடு வருகிற சிவப்பு விளக்கை மின்ன விடாதீர்கள்; நம் ஊரில் இண்டிகேட்டர் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். பெயின்ட் அடித்த ஃபிரேமை எர்த்துக்கு நம்பாதீர்கள். பெட்டியைக் கழற்ற கப்ளர் வைக்கும்போது, ஊசி நீட்டாத பக்கம் வண்டியில் இருக்கட்டும். பெட்டி இல்லாத நாளில் அந்த முனை இரும்பில் பட்டு ஃபியூஸ் போகாது.